முத்தமிடும் பூச்சியும் மண்சுவரும்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

முத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தாயின் நினைவு வரும். மழலையின் நினைவு வரும். ஆனால் தென் அமெரிக்க நாடுகளின் சிற்றூர்களில், ஊரடங்கிய பின் சுவர் வெடிப்பிலிருந்து இறங்கி வந்து, உறங்குவோர் முகத்தில் வாய் வைத்துவிட்டுப் போகும் ஒரு பூச்சி இருக்கிறது. இதழோரத்திலும் இமையோரத்திலும் கடிப்பதால் அதற்கு முத்தமிடும் பூச்சி என்று பெயர். அந்த முத்தத்திற்கு உடனே விலை கேட்பதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் பொறுத்திருந்து, நல்ல உழைப்பாளியின் இதயத்தையே விலையாகக் கேட்கிறது.

சாகஸ் நோய் என்று மருத்துவ நூல்கள் கூறும் இந்நோய் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உடலில் குடியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்டோர் இதனால் மடிகின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவின் ஏழை மக்கள்.

நம் வகுப்பறையில் ட்ரிப்பனோசோமா என்றதும் ஆப்பிரிக்காவின் தூக்க நோயும் செட்சி ஈயும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க ட்ரிப்பனோசோமா ஒரு வரியில் கடந்துபோகும். தேர்வுக்காக வாழ்க்கைச் சுழற்சிப் படம் வரைகிறோம். ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் பூச்சி, நடுவில் அம்புக்குறிகள். படம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். ஆனால் அந்தப் படத்தில் ஒன்று விடுபட்டுப் போகிறது. மனிதனும் பூச்சியும் சேர்ந்து வாழும் வீடு அதில் இல்லை. வீட்டை விட்டுவிட்டு இந்த நோயைப் படிப்பது, குளத்தை விட்டுவிட்டு மீனைப் படிப்பது போன்றது என்பதே என் கருத்து. பூச்சியைக் கொல்லும் மருந்து வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மருந்தோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது தவறு. இதனை அப்பூச்சியின் உயிரியலே நமக்குச் சொல்கிறது.

பூச்சியின் குலமும் குணமும்

இப்பூச்சிகள் நாவாய்ப் பூச்சி இனத்தைச் சேர்ந்தவை. மூட்டைப்பூச்சிக்கு உறவு என்றாலும் ரெடுவிடே என்ற வேறு குடும்பம். அக்குடும்பத்தில் பெரும்பாலானவை பிற பூச்சிகளைக் குத்திக் கொன்று தின்னும் வேட்டைக்காரர்கள். வயலில் புழுக்களைத் தின்று உழவனுக்கு உதவுபவை. ட்ரையடோமினே என்ற ஒரு கிளை மட்டும் இரத்தம் குடிக்கப் பழகிவிட்டது. அதில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. மனிதனுக்குப் பெருந்தீங்கு செய்தவை ஒரு சிலவே. தெற்கே ட்ரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ். வடக்கே வெனிசுலா, கொலம்பியா, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் ரோட்னியஸ் ப்ரோலிக்சஸ். மெக்சிகோவிலிருந்து தெற்கு நோக்கி ட்ரையடோமா டைமிடியேட்டா. அர்ஜென்டினாவில் இதை வின்சுகா என்பார்கள். பிரேசிலில் பார்பெய்ரோ, அதற்கு நாவிதர் என்று பொருள். முகத்தில் வேலை செய்வதால் வந்த பெயர்!

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி ஐந்து பருவங்களைக் கடந்து முதிர்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்தால்தான் அடுத்த தோலுரிப்பு நடக்கும். கொசுவில் பெண் மட்டுமே இரத்தம் குடிக்கும். இங்கோ ஆண், பெண், குஞ்சு என எல்லாமே இரத்தம் குடிப்பவை. ஒரே அமர்வில் பத்து, இருபது நிமிடத்துக்குள் தன் எடையைப்போல் பல மடங்கு குடித்து உப்பிவிடும். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியும்.

இதை நேரில் கண்டவர் சார்லஸ் டார்வின். 1835 மார்ச்சில் அர்ஜென்டினாவின் மெண்டோசாப் பகுதியில் ஓரிரவு இப்பூச்சிகள் அவர்மேல் ஊர்ந்தன. பின்னர் இக்கிக்கே என்ற இடத்தில் பிடித்த பூச்சி ஒன்றை மேசைமேல் வைத்து விரலை நீட்டினால், சுற்றிலும் ஆட்கள் நின்றாலும் அஞ்சாமல் ஓடி வந்து இரத்தம் குடித்ததாம். கப்பல் அதிகாரி ஒருவர் அளித்த ஒரே விருந்தில் அது நான்கு மாதம் கொழுத்திருந்தது என்று டார்வின் குறித்திருக்கிறார். அவரைப் பிற்காலத்தில் வாட்டிய நோய் இதுதானோ என்ற விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

பூச்சி வாழ்வின் பெரிய மர்மங்களில் ஒன்றும் இந்தப் பூச்சியிடமிருந்துதான் வெளிப்பட்டது. விக்கிள்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய அறிஞர் 1930களில் ரோட்னியஸைக் கொண்டு சோதனை செய்தார். இரத்தம் குடித்தபின் குறிப்பிட்ட நாளைக்கு முன் தலையைத் துண்டித்தால் பூச்சி தோலுரிக்கவில்லை; அந்த நாளுக்குப் பின் துண்டித்தால் தலையில்லாமலே தோலுரித்தது! தலையிலிருந்து ஏதோ ஒரு சுரப்பு இரத்தத்தில் கலந்து ஆணையிடுகிறது என்று அவர் கண்டார். நாம் இன்று படிக்கும் பூச்சி ஹார்மோன் பாடத்திற்கு அடிக்கல் நாட்டிய சோதனைகளில் இது ஒன்று. நோய் பரப்பும் பூச்சியே அறிவும் பரப்பியிருக்கிறது.

ரயில் பாதையில் பிறந்த கண்டுபிடிப்பு

1907ஆம் ஆண்டு. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ரயில் பாதை போடும் தொழிலாளர்கள் மலேரியாவால் சாய்ந்துகொண்டிருந்தார்கள். வேலை நின்றது. காய்ச்சலை அடக்க, ரியோ நகரின் ஆராய்ச்சி நிலையத் தலைவர் ஆஸ்வால்டோ குரூஸ் தம் இளம் உதவியாளரை அனுப்பினார். அவர்தான் கார்லோஸ் சாகஸ். லசான்சே என்ற சிற்றூரில் தங்கி மலேரியா வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, வீடுகளில் இரவில் இரத்தம் குடிக்கும் ஒரு பூச்சி உண்டு என்று ரயில் பொறியாளர் ஒருவர் எடுத்துக் காட்டினார்.

வேறொருவராக இருந்தால் 'என் வேலை கொசு, இது எனக்கெதற்கு?' என்று போயிருப்பார். சாகஸ் பூச்சியின் குடலைக் கீறி நுண்ணோக்கியில் வைத்தார். சவுக்குப் போன்ற இழையுடன் நீந்தும் ஓரணு உயிர்கள்! பூச்சிகளைக் குரூஸிடம் அனுப்பினார். அங்கே சிறு குரங்குகள் அவற்றால் நோயுற்றன. புதிய ஒட்டுண்ணிக்குத் தம் ஆசிரியர் பெயரையே சூட்டி ட்ரிப்பனோசோமா குரூஸி என்றார். 1909 ஏப்ரல் 14 அன்று, காய்ச்சலில் கிடந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையின் இரத்தத்தில் அதே உயிரைக் கண்டார். அந்த நாளே 2020 முதல் உலக சாகஸ் நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வழக்கமாக நோய் முதலில் தெரியும், கிருமி பிறகு, பரப்பும் பூச்சி கடைசியில். சாகஸ் தலைகீழாகச் சென்றார். பூச்சி, ஒட்டுண்ணி, நோயாளி என்ற வரிசையில் மூன்றையும் ஒருவரே கண்டறிந்தது மருத்துவ வரலாற்றில் அரிய செயல். நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டும் அவருக்கு அது கிடைக்கவில்லை. அதைவிடக் கொடுமை, அவருடைய நாட்டு மருத்துவர்களில் சிலரே 1920களில் 'இந்த நோய் அவ்வளவு பரவலானதா?' என்று ஐயம் கிளப்பியதுதான். நாட்டுப்புறக் குடிசைகளில் நடப்பது தலைநகரத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. 1934இல் சாகஸ் காலமானார். அர்ஜென்டினாவில் சால்வடோர் மாஸ்ஸா என்ற மருத்துவர் ரயில் பெட்டி ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கி ஊர் ஊராகச் சென்று, நோயாளிகளை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்துக் காட்டிய பிறகே ஐயம் அடங்கியது. தேடிப்போகாதவனுக்கு ஏழையின் நோய் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடி அல்ல, கழிவு

மலேரியாக் கிருமி கொசுவின் எச்சில் வழியே உடலில் நுழைகிறது. சாகஸ் நோய் அப்படியல்ல. ஒட்டுண்ணி பூச்சியின் குடலில் பெருகி மலக்குடலில் வந்து சேர்கிறது. பூச்சி இரத்தம் குடிக்கும்போதோ குடித்து முடித்தவுடனோ தோலின்மேலேயே கழிக்கிறது. கடித்த இடம் அரிக்கிறது, உறக்கத்தில் சொறிகிறோம், கழிவு காயத்திலோ கண்ணிலோ வாயிலோ படுகிறது. நம் கையே நோயை உள்ளே ஏற்றிவிடுகிறது. கண்வழி நுழைந்தால் ஒருபக்க இமை வீங்கும். 1935இல் இதைச் சுட்டிக்காட்டிய ரோமான்யாவின் பெயரால் இன்றும் அந்த அடையாளம் வழங்குகிறது.

குடித்தவுடன் கழிக்கும் இனம் பெரிய எமன். விலகிப் போன பின் கழிக்கும் இனம் சிறிய எமன். இவ்வளவு சிறிய பழக்க வேறுபாடு ஒரு நாட்டின் சாவுக் கணக்கையே மாற்றுகிறது என்றால் விலங்கியல் வெறும் ஏட்டுப் படிப்பு ஆகுமா?

இங்கே முக்கியமான ஒரு செய்தி. நோய் தாங்கிய பூச்சி ஒருமுறை கடித்தவுடன் நோய் வந்துவிடுவதில்லை. ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்ததில், ஏறத்தாழ ஆயிரம் முறைக்கு மேல் கடித்தால் ஒரு முறை தொற்று நிகழும் என்ற அளவில்தான் விடை வருகிறது. அப்படியானால் லட்சக்கணக்கானோருக்கு நோய் எப்படி வந்தது? ஒரே வீட்டில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு, ஒவ்வோர் இரவும், ஆண்டுக்கணக்கில் படுத்து உறங்கியதால் வந்தது. விருந்தாளிக்கு வருவது அரிது. குடியிருப்பவனுக்கு வருவது உறுதி. இந்த ஒரு கணக்கே என் வாதத்தின் அச்சாணி. நோயைத் தீர்மானிப்பது ஒரு கடி அன்று, ஒரு வாழ்நிலை.

அந்த வாழ்நிலை எப்படிப்பட்டது? கழிகளைக் கட்டி மண் அப்பிய சுவர், அல்லது வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல் சுவர். பூசாத சுவர் வெடிக்கிறது. ஒளியை வெறுத்து இடுக்கில் உடலை ஒட்டிக்கொண்டு வாழும் பூச்சிக்கு அந்த வெடிப்பு மாளிகை. மேலே பனையோலைக் கூரை. காட்டிலிருந்த ரோட்னியஸ் பனையோலையில் வாழ்ந்து பழகியது. வீட்டை ஒட்டிக் கோழிக்கூடு, மலைநாடுகளில் அடுப்படியில் உணவுக்காக வளர்க்கும் சீமைப்பெருச்சாளி, காலடியில் நாய். கோழிக்கு இந்த ஒட்டுண்ணி தொற்றாது. ஆனால் கோழியின் இரத்தம் பூச்சிக் கூட்டத்தை வளர்த்துவிடும். நாயோ ஒட்டுண்ணியைத் தாங்கிப் பூச்சிக்குக் கொடுக்கும். இவ்வாறு வீட்டிலுள்ள ஒவ்வொன்றும் அச்சுழற்சியில் ஒரு கண்ணி. வறுமை அக்கண்ணிகளைக் கோத்த கயிறு.

தொற்றியவர்க்குச் சில வாரம் காய்ச்சல் இருக்கலாம். பலருக்கு அதுவும் தெரியாது. பிறகு நீண்ட மௌனம். பத்தில் மூன்று பேர் அளவுக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயம் பருத்துத் தளர்கிறது, துடிப்பு தடுமாறுகிறது, வயலில் நின்றவர் நின்றபடியே சாய்வதும் உண்டு. சிலருக்கு உணவுக்குழாயும் பெருங்குடலும் விரிந்து, விழுங்கவும் கழிக்கவும் முடியாத துன்பம். மண்சுவருக்குள் பிறந்த குழந்தை நடுவயதில் கட்டும் வட்டி இது.

மருந்தடிப்பு வென்றது எப்படி?

சாகஸின் வழிவந்த இமானுவேல் டயஸ் 1943இல் பாம்புயி என்ற ஊரில் ஆய்வு மையம் அமைத்துப் பூச்சி ஒழிப்புக்கு வழி தேடினார். மலேரியாக் கொசுவை விரட்டிய டி.டி.டி. இந்தப் பூச்சியிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை. 1940களின் இறுதியில் பி.எச்.சி. மருந்து பலித்தது. 1980களில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் வந்தன. வாடை குறைவு, சுவரில் பல மாதம் நிற்கும்.

1991இல் அர்ஜென்டினா, பொலிவியா, பிரேசில், சிலி, பராகுவே, உருகுவே ஆகிய ஆறு நாடுகள் கைகோத்தன. பூச்சிக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு நாடு மட்டும் அடித்தால் பக்கத்து நாட்டிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்துவிடும் என்று உணர்ந்து எடுத்த முடிவு அது. 1997இல் உருகுவே, 1999இல் சிலி, 2006இல் பிரேசில் ஆகியவை ட்ரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ் வழியாக நோய் பரவுவது நின்றது என்ற சான்றைப் பெற்றன. 1990 வாக்கில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை என்று மதிப்பிடப்பட்ட நோயாளிகளின் தொகை இன்று பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. பொது மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய சாதனை இது.

'பார்த்தீர்களா, வீட்டை மாற்றாமலே மருந்து வென்றுவிட்டதே!' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடிக்கணக்கான மக்களுக்குப் புதுவீடு கட்டி முடிக்கும்வரை பூச்சி காத்திருக்குமா? காத்திராது. ஆகவே முதலில் மருந்தடித்தது அறிவான செயலே. ஆனால் அது ஏன் வென்றது என்பதை ஆராய வேண்டும். அந்த ஓர் இனம், தன் தாயகமான பொலிவியப் பள்ளத்தாக்குகளுக்கு வெளியே, பெரும்பாலும் மனித வீட்டையும் தொழுவத்தையும் விட்டால் வேறிடம் அறியாதது. இனப்பெருக்கம் மெதுவானது. முட்டை தவிர எல்லாப் பருவமும் ஒரே சுவரில் மருந்தின்மேல் நடக்க வேண்டியவை. வீட்டில் ஒழித்தால் மீண்டு வரக் காடு இல்லை. வீட்டையே நம்பிய பூச்சி வீட்டிலேயே தோற்றது. அந்த வெற்றியும் வீட்டைப் பற்றிய அறிவால் வந்த வெற்றிதான்.

வெற்றியின் எல்லை

எல்லா இனமும் அப்படியல்ல. மத்திய அமெரிக்காவின் ட்ரையடோமா டைமிடியேட்டா காட்டிலும் வாழும், வீட்டிலும் வாழும். மருந்தடித்தால் சாகும், மருந்தின் வீரியம் தீர்ந்ததும் தோப்பிலிருந்து வேறு பூச்சிகள் வந்து அதே வெடிப்பில் குடியேறும். குவாத்தமாலாவின் ஹுதியாபாப் பகுதியில் சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தார் வேறு வழி கண்டார்கள். அந்த ஊர் மணல், எரிமலைச் சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றைக் குழைத்துச் சுவரின் வெடிப்புகளைப் பூசினார்கள், தரையைக் கெட்டிப்படுத்தினார்கள், கோழிகளை வீட்டுக்கு வெளியே கூடு கட்டி அடைத்தார்கள். வேலை செய்தவர்கள் அந்த வீட்டுக்காரர்களே. சிமெண்டு வாங்கக் காசில்லாத ஊரில் கைக்கெட்டும் பொருளால் சுவரை மூடிய இந்தச் செயல், எனக்கு எந்தப் புதுமருந்தைவிடவும் பெரிதாகத் தோன்றுகிறது. மருந்து மாதங்களில் மங்கும். பூசிய சுவர் ஆண்டுகள் நிற்கும். அதோடு மழைக்கும் குளிருக்கும் அந்தச் சுவரே காப்பு. சாகஸ் நோயைப் பற்றிக் கவலையே படாத வீட்டுக்காரிகூடப் பூசிய சுவரை விரும்புவாள்.

இரண்டாவது, மருந்தை எதிர்த்து நிற்கும் பூச்சிகள். அர்ஜென்டினாவும் பொலிவியாவும் பராகுவேயும் சந்திக்கும் கிரான் சாக்கோ என்ற வறண்ட பெருவெளியில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. மருந்து தெளிப்போர் எப்போதோ வருவர். அங்கே பைரித்ராய்டு மருந்தை எடுத்தெறியும் ட்ரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ் கூட்டங்கள் தோன்றிவிட்டன. இயற்கைத் தேர்வு என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது மண்சுவரில் நடந்து காட்டிய பாடம்.

மூன்றாவது, மறதி. நோய் குறைந்ததும் பணமும் ஆளும் வேறு வேலைக்குத் திரும்பும். பூச்சி கண்ணில் படாத ஊரில் யார் சுவரைச் சோதிப்பார்? பிரேசிலில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. சந்தேகமான பூச்சியைக் கண்டவர் கொண்டுவந்து கொடுக்கச் சிற்றூர்ப் பள்ளி போன்ற பொது இடங்களில் தகவல் நிலையம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் டப்பாவில் பூச்சியோடு வருவார்கள். அந்தப் பூச்சி எது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும். நாட்டின் காவல் அங்கே நடக்கிறது. விலங்கியல் படித்தவனுக்கு இதைவிடக் கண்ணியமான வேலை வேறென்ன?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுவர் எல்லாவற்றுக்கும் விடையாகாது. நோயுள்ள தாயிடமிருந்து சேய்க்கும், சோதிக்காத இரத்தம் ஏற்றுவதாலும் நோய் வருகிறது. 2005இல் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் சாலையோரம் பிழிந்த கரும்புச்சாற்றில் பூச்சி சேர்ந்து அரைபட்டதால் பலர் நோயுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. 2007இல் வெனிசுலாவின் தலைநகர் கராகஸில் பள்ளி ஒன்றில் கொய்யாச்சாறு அருந்திய குழந்தைகளும் ஆசிரியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. ஆகவே இரத்தச் சோதனை, கருவுற்ற தாய்மார்க்குச் சோதனை, உணவுத் தூய்மை மூன்றும் வேண்டும். ஆனால் இவ்வழிகளில் வரும் நோய்க்கும் ஊற்றுக்கண் பூச்சியே. ஊற்றை அடைக்காமல் ஓடையை மட்டும் அடைப்பது உறுதியான காவலாகாது.

மருந்து ஏன் முதுமை அடைந்தது?

நோய் வந்தவர்க்கு என்ன மருந்து? நிஃபுர்டிமாக்ஸ், பென்ஸ்னிடசோல் என இரண்டே. இரண்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையவை. பிறந்த குழந்தைக்குக் காலத்தில் கொடுத்தால் ஏறக்குறைய முழுக்குணம் கிடைக்கிறது. இதயம் கெட்ட பிறகு கொடுத்தால் என்னவாகும்? 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 2,854 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்தனர். பென்ஸ்னிடசோல் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் குறைத்தது. இதயத்தின் சீர்கேட்டைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை. காலம் தாழ்ந்தால் மருந்தும் கைவிடும். 2011இல் அந்தப் பழைய மருந்துக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு அர்ஜென்டினா நிறுவனம் ஒன்று தயாரிக்க முன்வந்தது.

செல்வந்தர்க்கு வரும் இதய நோய்க்கு ஆண்டுதோறும் புதுமருந்து வருகிறது. ஏழைக்கு வரும் இதய நோய்க்கு அரை நூற்றாண்டாக இரண்டே மருந்து. இதில் விஞ்ஞானத்தின் குறை ஒன்றுமில்லை. ரோட்னியஸின் மரபணுத் தொகுதியையே 2015இல் படித்து முடித்த விஞ்ஞானம் இது. அதன் குடலில் வாழ்ந்து உயிர்ச்சத்து ஊட்டும் பாக்டீரியாவை மாற்றியமைத்து, ஒட்டுண்ணியைக் கொல்லும் பொருளை அதைக்கொண்டே சுரக்கவைக்கும் சோதனை 1990களிலேயே ஆய்வுக்கூடத்தில் வெற்றி கண்டது. அறிவு இருக்கிறது. வாங்குவோர் கையில் காசு இல்லை. சந்தை கேட்கும் கேள்விக்கு மட்டும் விஞ்ஞானம் விடை தேடினால், சந்தைக்கு வர முடியாதவர்களின் நோயை யார் தேடுவார்? அரசுகளும் பல்கலைக்கழகங்களும்தான் தேட வேண்டும்.

நமக்கென்ன?

'பிரேசில் பூச்சி பிரேசிலில் இருக்கட்டும், நமக்கென்ன?' என்பார் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. இந்தக் கிளையில் ட்ரையடோமா ரூப்ரோஃபேசியேட்டா என்ற இனம் நம் நாட்டிலும் இருக்கிறது. எலிகளோடு கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பரவிய இனம் அது. லின்ஷ்கோஸ்டியஸ் என்ற பேரினத்தின் ஆறு இனங்கள் இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சாகஸ் லசான்சேயில் புகழ்பெற்ற அதே 1909ஆம் ஆண்டில், நம் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் டோனோவான், ரூப்ரோஃபேசியேட்டாவின் குடலில் ஓர் ஓரணு உயிரைக் கண்டு விவரித்தார். காலா அசார் நோயை இப்பூச்சிதான் பரப்புகிறதோ என்று அவர் ஐயுற்றார். அது அப்படியில்லை, மணல் ஈயே அந்நோயைப் பரப்புகிறது என்பது 1942இல் உறுதியாயிற்று. டோனோவான் கண்ட உயிர் இன்று ட்ரிப்பனோசோமா கனோரைனி எனப்படுகிறது, எலியோடு நிற்கிறது. ட்ரிப்பனோசோமா குரூஸி நம் நாட்டில் இல்லை. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. அறிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. நம் நாட்டிலேயே உள்ள பேரினத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இன்னொன்று. காலா அசார் பரப்பும் மணல் ஈயும் மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத்தொழுவத்திலும் வாழ்வதுதான். நோய் வேறு, பூச்சி வேறு, கண்டம் வேறு. சுவர் மட்டும் ஒன்றே. ஏழையின் சுவர் உலகெங்கும் ஒரே மொழி பேசுகிறது.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. ஒன்று: ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கற்பிக்கும்போது, அது நடக்கும் வீட்டையும் சேர்த்துக் கற்பிப்போம். கூரை எது, சுவர் எது, கால்நடை எங்கே கட்டப்படுகிறது, குழந்தை எங்கே உறங்குகிறது என்பவையும் விலங்கியலே. இரண்டு: நம் துறை ஆண்டுதோறும் பூச்சி சேகரிப்புக்குச் செல்கிறது. வண்ணத்துப்பூச்சியையும் வண்டையும் மட்டும் ஊசியில் குத்தி வராமல், வீட்டுச் சுவரிலும் எலிவளையிலும் தொழுவத்திலும் வாழ்பவற்றையும் தேடுவோம், பெயரிடப் பழகுவோம், கண்டதைப் பதிவு செய்வோம்.

சாகஸிடம் இருந்தது ஒரு நுண்ணோக்கியும், தன் வேலையல்லாத பூச்சியையும் கீறிப் பார்க்கும் மனமும். நுண்ணோக்கி நம் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. அந்த மனத்தை வளர்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை தேர்வுத்தாளில் வாழ்க்கைச் சுழற்சி வரையும்போது, மனிதனையும் பூச்சியையும் சுற்றி நான்கு கோடுகள் இழுத்து ஒரு வீடு போடுங்கள். கேள்வியில் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் போடுங்கள், அந்தச் சுவரில் ஒரு வெடிப்பும் போடுங்கள்.